கான்ட்டின் மளிகைக்கடைக்காரன்

கான்ட் 1785-ல் வெளியிட்ட, ஒழுக்கத்தின் அடிப்படை பற்றிய சிறு நூலின் முதல் பகுதியில் ஒரு கடைக்காரன் வந்துபோகிறான். அவனுக்குப் பெயரில்லை. என்ன விற்கிறான் என்பதும் சொல்லப்படவில்லை. அனுபவமில்லாத ஆள் வந்தால் அவன் கூடுதலாக விலை சொல்வதில்லை. எல்லோருக்கும் ஒரே விலை வைத்திருக்கிறான். எனவே ஒரு குழந்தைகூட மற்றவர்களைப் போலவே அவனிடம் நம்பிச் சாமான் வாங்கலாம். அவ்வளவுதான் அவன் கதை. இதில் ஒழுக்க மதிப்பு இருப்பதாக உடனே சொல்லிவிட முடியாது என்கிறார் கான்ட். கடமைக்கு ஒத்துப்போகும் செயல் வேறு, கடமையிலிருந்து பிறக்கும் செயல் வேறு. நேர்மை அவன் வியாபாரத்துக்கு லாபம். அதனால் நேர்மையாக இருக்கிறான் என்றால் கதை முடிந்தது. வாங்க வருகிறவர்கள்மேல் அவனுக்கு இயல்பாகவே பிரியம் இருந்து, அந்தப் பிரியத்தால் ஒருவருக்கும் சலுகை காட்டாமல் இருக்கிறான் என்று ஊகிக்கவும் இடமில்லை என்று ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டு அடுத்த உதாரணத்துக்குப் போய்விடுகிறார்.

கான்ட்டுக்கு வியாபாரிகளைத் தெரியாது என்று சொல்ல முடியாது. கோனிக்ஸ்பெர்கில் அவருடைய மிக நெருங்கிய நண்பர் ஜோசஃப் கிரீன் என்ற ஆங்கில வியாபாரி. கான்ட்டின் சேமிப்பு அவருடைய கம்பெனியில்தான் வட்டிக்குக் கிடந்தது. (தத்துவ வரலாறுகளில் இத்தகைய செய்திகளை அடிக்குறிப்பில் தள்ளிவிடுகிறார்கள். வங்கியில் வேலை பார்ப்பவன் அடிக்குறிப்பைத்தான் முதலில் படிக்கிறான்.) இருந்தும் நான் படித்த விளக்கங்கள் எல்லாமே கல்லாவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு கடைக்காரனின் மனசுக்குள் எட்டிப்பார்க்கின்றன. அவன் நோக்கம் என்ன, உள்நோக்கம் என்ன என்பதே விசாரணை. கல்லாவுக்கு முன்னால் கையில் காசை மூடிக்கொண்டு நிற்கும் அந்தக் குழந்தையிடம் ஒருவரும் எதுவும் கேட்பதில்லை. அதன் பக்கத்திலிருந்து பார்த்தால் ஏமாற்றப்படாமல் இருப்பது என்ன மாதிரியான அனுபவம்? அது மரியாதையா? அல்லது மரியாதையைப் பற்றிய பேச்சே எழாத ஒரு நிலையா?

இந்தக் கேள்வி எனக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை. மனைவிக்கு ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்ததால் ஊதியமில்லாத விடுப்பில் எட்டு மாதம் ஜெர்மனியில், கோட்டிங்கன் என்ற பல்கலைக்கழக ஊரில் இருந்தேன். அவள் காலையில் ஆய்வுக்கூடம் போய்விடுவாள். வீட்டுச் சாமான் வாங்குவது என் பொறுப்பு. எனக்கு ஜெர்மன் தெரியாது. எண்கள் மட்டும் சீக்கிரம் வந்துவிட்டன, தொழில் அப்படி. முப்பத்தாறு வயதில் கான்ட்டின் குழந்தையாக இருக்கும் வாய்ப்பு எல்லோருக்கும் அமைவதில்லை.

புது நாட்டில் கடைக்குப் போகிறவனுக்கு இல்லாமல் போவது பாஷை மட்டுமல்ல. பாஷைக்குக் கைபேசியில் மொழிபெயர்ப்பு இருக்கிறது. சீட்டின்மேல் காட்டினால் சொல்லிவிடும். அது சொன்ன பிறகும் ஒன்றும் விளங்காது என்பதுதான் விஷயம். உதாரணத்துக்கு மாவு. கோதுமை மாவுப் பொட்டலங்களில் 405, 550, 1050 என்று எண்கள் போட்டிருக்கும். மொழிபெயர்த்தால் ‘கோதுமை மாவு, வகை 550’ என்று வரும். வகை என்றால்? நூறு கிராம் மாவை எரித்துச் சாம்பலாக்கினால் எத்தனை மில்லிகிராம் சாம்பல் மிஞ்சும் என்ற கணக்கு அது. தவிடு கூடக்கூடச் சாம்பல் கூடும், எண்ணும் கூடும். சப்பாத்திக்கு 1050 ஒருவாறு ஒத்துவரும். 405 நம் மைதாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே பிறந்தவளுக்கு இதில் சாம்பலும் இல்லை, எண்ணும் இல்லை. அம்மா கேக் செய்ய எடுத்த பொட்டலத்தின் நிறம்தான் இருக்கிறது. தயிர் இருக்கும் அலமாரியும் இப்படித்தான். யோகுர்ட், க்வார்க், ஷ்மாண்ட், புளித்த கிரீம் என்று வெள்ளையாக, ஒரே அளவுக் கிண்ணங்களில், பத்துப் பதினைந்து வகை. மொழிபெயர்ப்பு எல்லாவற்றுக்கும் ஏதோ ஒரு சொல் தருகிறது. எதில் மோர்க்குழம்பு வைக்கலாம் என்று எந்தச் சொல்லும் சொல்வதில்லை.

ஊரில் இந்த அறிவு கடைக்காரனிடம் இருக்கிறது. “இந்தப் பருப்பு வேகாது, அதை எடுத்துக்குங்க” என்று அவன் சொல்வான். சொல்வதில் அவனுக்கு ஒரு கணக்கும் இருக்கும், பழைய சரக்கைத் தள்ளிவிடும் கணக்காகவும் இருக்கலாம். கோட்டிங்கனில் அந்த அறிவைக் கடைக்காரனிடமிருந்து பிரித்து எடுத்து அலமாரியின் விளிம்பில் ஒட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு சாமானுக்கும் விலைச்சீட்டு, அந்தச் சீட்டின் மூலையில் சிறு எழுத்தில் இன்னொரு விலை: கிலோவுக்கு அல்லது லிட்டருக்கு எவ்வளவு என்று. சட்டப்படி அது இருந்தாக வேண்டும். 180 கிராம் பொட்டலத்தையும் 250 கிராம் பொட்டலத்தையும் வைத்து மனக்கணக்குப் போட்டு அல்லாட வேண்டாம். முட்டையின் ஓட்டின் மேலேயே எண் அச்சடித்திருக்கிறார்கள். 0 என்றால் இயற்கை வேளாண்மை, 1 என்றால் வெளியில் மேயும் கோழி, 2 என்றால் கொட்டகைக்குள் அலையும் கோழி, 3 என்றால் கூண்டு. அடுத்து நாட்டின் எழுத்து, அதற்கடுத்துப் பண்ணையின் எண். ஒரு முட்டை தன் ஜாதகத்தை இவ்வளவு தெளிவாகச் சொல்லி நான் பார்த்ததில்லை. ஆனால் அதே முட்டையை நூடுல்ஸிலோ கேக்கிலோ போட்டு விற்றால் இந்த எண்ணைச் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை. எழுதிவைக்கப்பட்ட நேர்மைக்கு இப்படி ஒரு குணம் உண்டு; எந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்வது என்று அது முன்கூட்டியே முடிவு செய்துகொண்டிருக்கிறது.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். மேற்கில் நிலையான விலை, கிழக்கில் பேரம் என்ற பழைய பல்லவியை நான் பாட வரவில்லை. சோப்புக்கும் பிஸ்கட்டுக்கும் அதிகபட்ச விலை அச்சிட்டுத்தான் நம்மிடமும் விற்கிறார்கள். நிலையான விலை ஐரோப்பாவின் ரத்தத்தில் ஓடுவதும் அல்ல. அதற்கு ஒரு சரித்திரம் உண்டு, அந்தச் சரித்திரம் கான்ட்டின் உதாரணத்தைவிடச் சுவாரசியமானது.

பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் க்வேக்கர்கள் என்ற சிறு சமயக் குழுவினர் பேரம் பேச மறுத்தார்கள். ஆறு ஷில்லிங்குக்குக் கொடுக்கத் தயாராக இருந்துகொண்டு பத்து ஷில்லிங் என்று சொல்வது பொய், பொய் பாவம். எனவே ஒரே சொல், ஒரே விலை. அவர்களுடைய தலைவரான ஜார்ஜ் ஃபாக்ஸின் நாட்குறிப்பில் இதன் விளைவு பதிவாகியிருக்கிறது. முதலில் அவர்கள் கடைகளுக்கு ஆட்கள் வருவது நின்றுபோனது. தொப்பியைக் கழற்றி வணக்கம் சொல்லாதவர்கள், பேரத்துக்கு மசியாதவர்கள் என்று ஜனங்களுக்கு எரிச்சல். பிறகு, ஒரு குழந்தையை அனுப்பினால்கூட நாமே போனதுபோல் சாமான் கிடைக்கிறது என்று தெரிந்ததும் எல்லோரும் க்வேக்கர் கடையைத் தேடிப் போக ஆரம்பித்தார்கள். கான்ட்டுக்கு நூறு வருஷத்துக்கு முன்பே அந்தக் குழந்தை கடை வாசலில் வந்து நின்றுவிட்டது.

அங்கே ஒழுக்கம் முதலில் வந்தது, லாபம் பின்னால் வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிஸின் பெரிய பல்பொருள் அங்காடிகள், 1852-க்குப் பிறகு பூசிகோ நடத்திய போன் மார்ஷே போன்றவை, நிலையான விலையை எடுத்துக்கொண்டபோது வரிசை தலைகீழாகிவிட்டது. நூற்றுக்கணக்கான சம்பள ஆட்களை வைத்து வியாபாரம் செய்கிறவன் அவர்கள் ஒவ்வொருவரையும் பேரம் பேசவிட முடியாது. விலைச்சீட்டு அங்கே வாங்குகிறவனுக்குக் காட்டிய மரியாதை மட்டுமல்ல, விற்கிற பெண்மேல் வைத்த அவநம்பிக்கையும்கூட. கான்ட் ஒரே மனசுக்குள் எதிரெதிராக வைத்துப் பார்த்த இரண்டு நோக்கங்களும் சரித்திரத்தில் ஒன்றன்பின் ஒன்றாக நடந்துகாட்டின. அதற்கப்புறம் மூன்றாவது ஒன்று வந்தது. அதை அவர் எதிர்பார்த்திருக்க முடியாது. 1916-ல் மெம்ஃபிஸ் நகரில் வாங்குகிறவனையே அலமாரிக்குள் விட்டு எடுத்துக்கொள்ளச் சொன்ன கடை திறந்தது. 1974 ஜூன் 26 அன்று ஓஹையோ மாநிலத்தில் டிராய் என்ற ஊரில் ஒரு பொட்டலம் சூயிங்கத்தின் கறுப்புக் கோடுகளைக் கருவி படித்தது. அதன் பின்னும் பல வருஷங்கள் ஜெர்மனியின் ஆல்டி கடைகளில் கல்லாவில் இருந்த பெண்கள் சாமான்களை நினைவிலிருந்தே விசையில் அடித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் கிளையில் ஓய்வுபெறும் தறுவாயில் இருந்த ஒருவர் பேரேட்டு நாட்களைப் பற்றி, கணக்கு எண்ணைக் கேட்டதும் கை தானாகப் பக்கத்தைத் திறந்ததைப் பற்றிச் சொல்லும்போது குரலில் தொனிக்கும் பெருமை, அவர்களுக்கும் இருந்திருக்கும். இப்போது கருவி. கருவி கடமைக்கு ஒத்து நடக்கிறதா, கடமையிலிருந்து நடக்கிறதா என்று கேட்க முடியாது. குழந்தை ஏமாற்றப்படுவதில்லை, ஏமாற்றாமல் இருக்கிறவன் என்று ஒருவனும் இல்லை.

இந்த இடத்தில் நம்மவர்கள் உடனே கண்ணீர் விட ஆரம்பித்துவிடுவார்கள். முகமில்லாத வியாபாரம், மனித உறவு அழிந்த சந்தை, நம் அண்ணாச்சி கடையின் ஈரம் என்று ஒரு கட்டுரை தயாராகிவிடும். பிரபல பத்திரிகைகளில் வாரத்துக்கு ஒன்று வருகிறது. எனக்கு இதில் சம்மதமில்லை. யாருடைய நினைவில் அந்தக் கடை ஈரமாக இருக்கிறது என்று கேட்டுப் பார்க்க வேண்டும். எங்கள் ஊர்க் கடையில் நான் சிறுவனாகப் போனபோது பொரிகடலை ஒரு பிடி கையில் கிடைக்கும். அதே கடையில் சேரியிலிருந்து வந்தவர் படிக்குக் கீழே தெருவில் நிற்பார். காசைப் பலகையில் வைப்பார். பொட்டலம் பலகையில் வைக்கப்படும், மீதிச் சில்லறையும் பலகையில் போடப்படும். கை கையைத் தொடாது. அந்தக் கடைக்காரனுக்கு அவர் முகம் தெரியும், பெயர் தெரியும், அப்பன் பெயரும் தெரியும். தெரிந்ததனால்தான் அப்படி. அவருக்கு அறிமுகம் என்பது ஆதாயமல்ல. அலமாரியிலிருந்து தானே எடுத்து, சீட்டில் போட்ட விலையைக் கொடுத்து, யாரையும் பாராமல் வெளியே வரும் கடை அவருக்கு ஒரு விடுதலை என்பதை மறுத்துவிட்டு, முகமுள்ள வியாபாரத்தைப் பற்றி எழுதுவது அநாகரிகம்.

கோட்டிங்கனிலும் கல்லாவில் ஒரு சிறு தட்டு இருந்தது. பல கடைகளில் உண்டு, கண்ணாடியிலோ ரப்பரிலோ. காசை அதில் வைக்க வேண்டும். மீதியையும் பெரும்பாலும் அதிலேயே வைப்பார்கள். முதல் தடவை அந்தத் தட்டைப் பார்த்தபோது அந்தப் பலகைதான் ஞாபகம் வந்தது. வெளியிலிருந்து பார்த்தால் சைகை ஒன்றேதான்: கை கையைத் தொடாது. ஒரு வாரம் வரிசையில் நின்று கவனித்தேன். எனக்கு முன்னால் இருந்த பேராசிரியருக்கும் தட்டு, பின்னால் இருந்த சாயம் படிந்த சட்டைக்காரனுக்கும் தட்டு. அது அவமானமல்ல, காரணம் எல்லோருக்கும் பொது. ஒரு செயலின் ஒழுக்க அர்த்தம் செயலுக்குள் இல்லை, அது யார் யாருக்குப் பொருந்துகிறது என்ற பரப்பில் இருக்கிறது என்று கான்ட் சொல்வதை நான் புரிந்துகொண்டது அந்தத் தட்டில்தான். இதுவரைக்கும் நான் அவர் கட்சி.

அங்கே மற்ற விஷயங்களை யாரும் சொல்லித்தருவதில்லை. முன்னால் போகிறவரைப் பார்த்துத் தெரிந்துகொள்வதுதான். தள்ளுவண்டிச் சங்கிலியை விடுவிக்க ஒரு யூரோ நாணயம் போட வேண்டும். திரும்பக் கொண்டுவந்து மாட்டினால் நாணயம் திரும்ப வரும். கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் (அங்கே அவர்கள் உட்கார்ந்துதான் வேலை செய்கிறார்கள், நம் ஜவுளிக்கடைப் பெண்களை நினைத்துக்கொண்டேன்) சாமானைத் தள்ளும் வேகத்துக்கு நாம் பைக்குள் போட்டாக வேண்டும். ஓடும் பட்டையில் நம் சாமானுக்கும் அடுத்தவர் சாமானுக்கும் நடுவே ஒரு கட்டையை வைக்க வேண்டும். அந்தக் கட்டையைப் பின்னால் நிற்பவருக்காக முன்னால் நிற்பவர் எடுத்து வைப்பார். பின்னவர் நன்றி சொல்வார். அந்த இரண்டு எழுத்துப் பேச்சுக்கூட ‘இது உன்னுடையது, இது என்னுடையது’ என்று பிரிப்பதைச் சுற்றித்தான் நடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. 1919-ன் வைமார் அரசியல் சட்டத்தில் ஞாயிறை ஓய்வு நாளாகக் காத்த பிரிவு இன்றைய அரசியல் சட்டத்துக்குள்ளும் அப்படியே எடுத்துக்கொள்ளப்பட்டிருக்கிறது. எனவே சனிக்கிழமை மாலை கடைக்குள் நுழைந்தால் ஏதோ முற்றுகை வரப்போவதுபோல் இருக்கும்.

பாட்டில்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தண்ணீர், குளிர்பானம், பீர், எது வாங்கினாலும் பாட்டிலுக்கு ப்ஃபாண்ட் என்ற முன்பணம் சேர்த்துக் கொடுக்கிறோம். ஒருமுறை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் தகர டப்பாவுக்கும் 25 சென்ட். பீர் பாட்டிலுக்குப் பெரும்பாலும் 8 சென்ட். காலியைக் கடையில் உள்ள இயந்திரத்தின் வாயில் கொடுத்தால் ஒரு சீட்டு வரும், கல்லாவில் அது காசு. இதில் ஏமாற்ற இடமில்லை, கொடையும் இல்லை, கொடுத்ததைத் திரும்ப வாங்குவதுதான். ஆனால் பூங்காவிலும் ரயில் நிலையத்திலும் பாட்டிலைக் குடித்து முடித்தவர்கள் பலர் அதைக் குப்பைத்தொட்டிக்குள் போடாமல் பக்கத்தில் தரையில் நிறுத்தி வைத்துவிட்டுப் போவதைப் பார்த்தேன். அதைப் பொறுக்க வருகிறவர்கள் இருக்கிறார்கள், நிறையப் பேர் வயதானவர்கள், ஓய்வூதியம் போதாதவர்கள். கை தொட்டிக்குள் போக வேண்டாம் என்பதற்காக வெளியே வைப்பது. வைக்கிறவன் எடுக்கிறவனைப் பார்ப்பதில்லை. எடுக்கிறவனும் யாருக்கும் நன்றி சொல்ல வேண்டியதில்லை. இதைத் தருமம் என்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது. எட்டு சென்ட்டில் மனச்சாட்சியைக் கழுவிக்கொள்வது என்று ஏளனம் செய்யவும் மனம் வரவில்லை. முகம் பார்க்காமல் செய்யும் நல்லதுக்கு ஒரு நாசூக்கு உண்டு, வாங்குகிறவனைத் தாழ்த்தாத நாசூக்கு. எழுபது வயதில் ஒருவர் ஏன் பொறுக்க வேண்டியிருக்கிறது என்ற கேள்வியை அது மூடிவிடுகிறது என்பதும் சரிதான்.

இந்தப் பாட்டில் சீட்டுகளால் ஜெர்மனியில் பெரிய வழக்கே நடந்தது. பெர்லினில் ஒரு பல்பொருள் அங்காடியில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்த காசாளர். பத்திரிகைகள் அவரை எம்மெலி என்று அழைத்தன. வாடிக்கைக்காரர் யாரோ விட்டுச்சென்ற இரண்டு பாட்டில் சீட்டுகளை, 48 சென்ட்டும் 82 சென்ட்டுமாக மொத்தம் 1 யூரோ 30 சென்ட், தன் கணக்கில் மாற்றிக்கொண்டார் என்று 2008-ல் உடனடியாக வேலைநீக்கம் செய்யப்பட்டார். கீழே உள்ள இரண்டு நீதிமன்றங்களும் நீக்கம் செல்லும் என்றன. தொகை சிறிது பெரிது என்ற பேச்சே இல்லை, நம்பிக்கை உடைந்தது உடைந்ததுதான் என்பது அவற்றின் வாதம். 2010 ஜூன் 10 அன்று கூட்டாட்சித் தொழிலாளர் நீதிமன்றம் அதை மாற்றியது. குற்றமே இல்லை என்று அது சொல்லவில்லை. கடமை மீறல்தான் என்றது. ஆனால் முப்பது வருஷமாகச் சேர்ந்த நம்பிக்கை ஒரு தடவையில் முழுக்க அழிந்துவிடுவதில்லை என்றது.

காசுக் கவுண்டரில் உட்கார்ந்தவனுக்கு இந்த வழக்கு மற்றவர்களுக்குப் படுவதுபோல் படாது. சாயங்காலம் கணக்கு முடிக்கும்போது குறைந்தால் சொந்தப் பையிலிருந்து போட வேண்டும். கூடினால் வங்கியின் தனிக்கணக்குக்குப் போகும். ஒரு ரூபாய் என்றாலும் அப்படித்தான். இந்தச் சட்டத்தை நான் குறைசொல்லவில்லை. சொல்ல வந்தது வேறு. கீழ் நீதிமன்றங்கள்தான் கான்ட்டுக்கு நெருக்கமாக இருந்தன என்று தோன்றுகிறது. ஒரு செயல் விதிக்கு உட்படுகிறதா இல்லையா, அளவு பொருட்டல்ல. மேல் நீதிமன்றமோ நம்பிக்கையை ஒரு சேமிப்பைப் போலப் பார்த்தது. போட்டுக்கொண்டே வந்திருக்கிறாய், ஒருமுறை எடுத்துவிட்டாய், இருப்பு இன்னும் மீதி. ஒழுக்கத்தை இப்படி வரவு செலவாக எழுதுவது கான்ட்டுக்கு அருவருப்பாக இருந்திருக்கும். எனக்கு மேல் நீதிமன்றம் சொன்னதுதான் சரி என்று படுகிறது. என் தொழில் காரணமாக அல்ல. நம்பிக்கை என்பது தனித்தனிச் செயலின் குணமாக இல்லாமல் காலத்தில் நடக்கும் ஒன்றாக இருப்பதால். எம்மெலிக்கு முப்பது வருஷம் இருந்தது. கருவிக்கு அது கிடையாது. அதற்கு ஒவ்வொருவனும் ஒவ்வொரு நாளும் முதல்முறை வருகிறவன்தான். அதனால்தான் அந்தக் கடையில் அங்கேயே பிறந்தவனும் நானும் சமமாக இருந்தோம். அவனைப் போல நானும் அறிந்தவனாகிவிட்டதால் வந்த சமத்துவம் அல்ல அது. என்னைப் போல அவனும் அங்கே அந்நியன்.

நம் பாஷையில் கடைக்கு வருகிறவனை வாடிக்கைக்காரன் என்கிறோம். வாடிக்கை என்றால் வழக்கம், திரும்பத் திரும்ப வருவது. (இன்று காலை கணக்குத் திறந்தவனையும் எங்கள் வங்கிச் சுற்றறிக்கை ‘மதிப்புமிக்க வாடிக்கையாளர்’ என்கிறது.) ஜெர்மன் சொல்லான குண்டெ என்பதற்கும் பழைய பொருள் அறிமுகமானவன், தெரிந்தவன் என்பதுதான். இரண்டு பாஷைகளும் வியாபாரத்தில் காலம் என்ற ஒன்றை ஒளித்து வைத்திருக்கின்றன. எட்டு மாதத்தின் முடிவில் எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. எந்த அலமாரி, எந்த மாவு, எந்தக் கிழமையில் எது மலிவு. ஆனால் அந்தக் கடைக்கு நான் வாடிக்கையாகவில்லை. யாரும் என்னை அவமதிக்கவில்லை, யாரும் ஏமாற்றவில்லை. நான் வராமல் போயிருந்தால் யாரும் கவனித்திருக்கவும் மாட்டார்கள். இதை ஒரு குறையாகச் சொல்லலாமா என்பதில் எனக்கு இன்னமும் தீர்மானமில்லை. பலகையில் காசு வைத்தவரிடம் கேட்டால் கவனிக்கப்படாமல் இருப்பதைப் போன்ற சுகம் வேறில்லை என்று சொல்லக்கூடும். அந்தச் சுகம் எனக்கு எட்டு மாதம்தான் வேண்டியிருந்தது என்பதே எங்கள் இருவருக்கும் உள்ள தூரம்.

மாதம் ஒருமுறை ரயிலில் ஹனோவருக்குப் போய் ஒரு தமிழ்க் கடையில் சாமான் வாங்குவேன். கடைக்காரர் யாழ்ப்பாணத்துக்காரர், அறுபது தாண்டியவர். 1983 கலவரத்துக்கு மறுவருஷம் கிழக்கு பெர்லினில் விமானம் இறங்கி மேற்கே கடந்தவர்களில் ஒருவர். கோதுமை மாவு, மாசிக் கருவாடு, சிவப்பரிசி, முருங்கைக்காய். இன்னொரு பக்கம் ஆப்பிரிக்கர்களுக்கான மரவள்ளி, வள்ளிக்கிழங்கு, பெரிய வாழைக்காய். முதல்முறை போனபோதே, “தம்பி இந்தியாவோ? எந்த இடம்?” என்று ஆரம்பித்துவிட்டார். என் மனைவி என்ன படிக்கிறாள், எனக்கு ஏன் வேலையில்லை, குழந்தை உண்டா, ஏன் இல்லை. கோட்டிங்கனில் மூன்று மாதத்தில் யாரும் கேட்காத கேள்விகள் நாலு நிமிஷத்தில் முடிந்தன. அவர் கடையில் சில விலைகள் சற்று அதிகம் என்றுதான் நினைக்கிறேன். ஒப்பிட்டுப் பார்க்க வேறு கடை இல்லை. மூன்றாம் முறை கையில் ஆறு யூரோ குறைந்தது, அட்டை போடும் இயந்திரம் வேலை செய்யவில்லை. “அடுத்தமுறை தாங்கோ” என்றார். எழுதிக்கொள்ளவில்லை. என் விலாசம்கூடக் கேட்கவில்லை. பையில் ஒரு கொத்துக் கறிவேப்பிலையும் வைத்தார். அங்கே அது சின்னப் பொட்டலம் இரண்டு யூரோவுக்கு மேல் விற்கிற பொருள்.

கான்ட் ஒரு வாக்கியத்தில் ஒதுக்கிவிட்டுப் போனது இதைத்தான்: வாங்குகிறவன்மேல் இயல்பான பிரியம். அவர் ஒதுக்கியதற்கு நியாயம் இருக்கிறது. பிரியம் எல்லோருக்கும் பொதுவாக இருப்பதில்லை. என் பாஷைக்காகக் கிடைத்த கறிவேப்பிலை அது. பக்கத்தில் நின்ற கானா நாட்டுப் பெண்மணிக்குக் கடைக்காரர் குறையாமலும் கூட்டாமலும் சரியான சில்லறை கொடுத்தார், பலகையில் அல்ல, கையில். ஆனால் கொசுறு கிடையாது. எல்லோருக்கும் ஒரே தட்டு என்பதில் ஒழுக்கத்தைக் கண்டவன் அந்தக் கொத்தை வாங்கிக்கொள்ளலாமா? நான் வாங்கிக்கொண்டேன், சந்தோஷமாகவும் இருந்தது. கொசுறு நீதியைச் சேர்ந்ததல்ல, நீதி முடிந்த பிறகு வருவது, ஆகவே இரண்டுக்கும் சண்டை இல்லை என்று ஒரு சமாதானம் சொல்லலாம். படிக்குக் கீழே ஒருவர் நிற்க எனக்குப் பொரிகடலை கிடைத்தபோதும் அது நீதி முடிந்த பிறகு வந்தது அல்ல என்பதால் இந்தச் சமாதானம் எனக்கு முழுசாகச் செல்லுபடியாகவில்லை. ஹனோவரில் அந்தப் பெண்மணிக்குக் கணக்குத் தீர்ந்த பிறகுதான் எனக்குக் கொசுறு வந்தது. வித்தியாசம் அவ்வளவுதான், அது சிறிய வித்தியாசமல்ல என்றும் நினைக்கிறேன்.

ஒருமுறை அவரிடம் கேட்டேன். காய்கறிப் பெட்டிகளில் பாதிக்கு விலை எழுதாமல் வைத்திருந்தார். அந்த நாட்டுச் சட்டப்படி எழுதியாக வேண்டும்.

“விலை ஒட்டலையே அண்ணே?”

“ஒட்டினா சனம் எடுத்துக்கொண்டு பேசாமல் போயிடும் தம்பி. ஒட்டாட்டிக் கேட்பினம். கேட்டாத்தானே ஆள் ஆரெண்டு தெரியும்.”

“ஆள் யாருன்னு பார்த்து விலை சொல்வீங்களா?”

சிரித்தாரே தவிரப் பதில் சொல்லவில்லை. அதற்குள் கானாப் பெண்மணி பெரிய வாழைக்காய்ச் சீப்பு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து விலை கேட்டார். இருவரும் ஜெர்மனில் ஆரம்பித்தார்கள். இருவருக்குமே அது இரவல் பாஷை. எனக்கு எண்கள் மட்டும் புரிந்தன. அவர் ஐந்து என்றார், அந்த அம்மாள் மூன்று என்றார். அப்புறம் எண்ணே இல்லாமல் வெகுநேரம் பேச்சு நடந்தது. நடுவில் இரண்டு பேருமே தொலைபேசியை எடுத்துப் படங்கள் காட்டிக்கொண்டார்கள். என் ரயிலுக்கு நேரமாகிவிட்டதால் கடைசியில் என்ன விலைக்கு முடிந்தது என்று பார்க்க நான் நிற்கவில்லை.